சோதனைக் கருவியும் சோதிப்போர் கடமையும்

கொங்கு நாட்டினராகிய நமக்குச் சோதனை என்பது புதியதன்று. ஆலையிற் புகும் பஞ்சு, இழையின் நீளமும் வலிமையும் அளந்தறியப்பட்ட பின்னரே நூலாகின்றது. 1956-ஆம் ஆண்டில் கோவையில் நிறுவப்பெற்ற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் இத்தகைய சோதனைகளைத் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. கிணற்றில் இறங்க வேண்டிய மோட்டார் பம்பும், பட்டறையை விட்டுப் புறப்படுமுன் ஓட்டிப் பார்க்கப்படுகின்றது. கைக்கு எட்டும் பொருள்களுக்கே இத்துணைச் சோதனை வேண்டுமாயின், கைக்கு எட்டாத மென்பொருளுக்கு அது எத்துணை இன்றியமையாதது!

வங்கிக் கணக்கு, தொழிலாளர் கூலி, வரி முதலிய யாவும் இக்காலத்தில் மென்பொருளின் வழியே நடைபெறுகின்றன. 2021-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் வருமான வரிக்கெனப் புதிய வலைத்தளம் திறக்கப்பட்டபொழுது, அதன் குறைபாடுகளால் வணிகரும் கணக்கரும் பல வாரங்கள் இடர்ப்பட்டனர். செப்டம்பர் 30 வரை இருந்த தவணை டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. மென்பொருளின் பிழை, அதனை இயற்றியோரோடு நில்லாது, அதனை நம்பியோரையே வருத்தும் என்பது இதனால் விளங்கும்.

மென்பொருளில் ஓரிடத்தைத் திருத்தினால், முன்பு நன்றாயிருந்த வேறோரிடம் கெடக்கூடும். ஆதலின் ஒவ்வொரு திருத்தத்தின் பின்னரும் பழையனவற்றையும் மீண்டும் சோதித்தல் வேண்டும். ஒரே படிவத்தை நூறு முறை நிரப்பும் மனிதனின் கண் சோர்வடையும்; கருவி சோர்வடையாது. இதன்பொருட்டே தானியங்கிச் சோதனைக் கருவிகள் தோன்றின.

இக்கருவி செய்யும் தொழில் மூன்று. திரையிலுள்ள பொத்தானையோ கட்டத்தையோ இன்னதென அடையாளங்காணுதல் முதலாவது. அதனை அழுத்துதல், அதில் எழுத்திடுதல் இரண்டாவது. கிடைத்த விடையை நாம் முன்னரே குறித்து வைத்த விடையோடு ஒப்பிட்டு, சரி அல்லது பிழை என அறிக்கை தருதல் மூன்றாவது. மேசைக் கணிப்பொறி, வலைத்தளம், செல்பேசி என்னும் மூன்றிடத்தும் தொழில் ஒன்றே. அடையாளங்காணும் வழி மட்டும் வேறு. விண்டோஸ் கணிப்பொறியில், பார்வையற்றோர்க்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள் செல்லும் வழியிலேயே சோதனைக் கருவியும் செல்கின்றது. வலைத்தளத்தில் பக்கத்தின் உள்ளமைப்பைப் பார்த்துப் பொத்தானை அறிகின்றது. செல்பேசியில், அதன் இயங்குதளம் வழங்கும் துணைக்கருவிகளைக் கொண்டு அறிகின்றது.

வலைத்தளச் சோதனையிற் பெயர்பெற்ற செலினியம் என்னும் கருவியை, 2004-ஆம் ஆண்டில் சிக்காகோவில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கினார். அந்நிறுவனம் பிற்காலத்தில் நம் கோவையிலும் கிளை அமைத்தது. அக்காலத்தில் மெர்க்குரி, அதாவது பாதரசம், என்னும் பெயருடைய நிறுவனம் சோதனைக் கருவிகளை விற்றுவந்தது. பாதரச நஞ்சுக்குச் செலினியம் மாற்று என்று வேடிக்கையாகச் சொல்லப்போக, அதுவே பெயராய் நிலைத்தது. அதனோடு இணைந்த வெப்டிரைவர் முறை 2018-இல் உலகப் பொதுத்தரமாக ஏற்கப்பட்டது. ஆப்பியம் என்னும் கருவி அம்முறையையே செல்பேசிக்கும் கொண்டுசென்றது.

இனி, கருவியால் இயலாதது யாதெனக் காண்போம். நம் ஊரின் பெயராகிய 'கோவை' என்பதன் முதலெழுத்தைக் கணிப்பொறியில் இருவிதமாகப் பதியலாம். ககரத்தின் பின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாக இடுவது ஒன்று. ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியே இடுவது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோட் முறையும் இரண்டையும் ஒன்றெனவே கொள்ள விதித்துள்ளது. ஆயினும் அவ்விதியைப் பேணாது இயற்றப்பட்ட மென்பொருளுக்கு அவை வெவ்வேறு சொற்களே. முதியோர் ஒருவரின் பெயர் ஒருவிதமாகப் பதியப்பட்டு, எழுத்தர் மற்றொரு விதமாகத் தேடினால், 'இப்பெயர் பட்டியலில் இல்லை' என்ற விடையே வரும். உதவித்தொகை பெற வந்தவர் வெறுங்கையோடு திரும்ப நேரிடும்.

கருவி இப்பிழையைக் கண்டுபிடிக்குமோ? எப்பொழுதும் ஒரே விதமாக எழுதிச் சோதிக்கும்படி நாம் கட்டளையிட்டிருந்தால், ஆயிரம் முறை ஓடினும் 'சரி' என்றே கூறும். இருவிதமாகவும் எழுதிப் பார் என்று தமிழறிந்த ஒருவர் கட்டளையிட்டால், முதன்முறையிலேயே காட்டிக்கொடுக்கும். வினவுவது மனிதனின் தொழில். வினாவை அயராது திருப்பிக் கேட்பதே கருவியின் தொழில்.

பீளமேடு, சரவணம்பட்டி முதலிய இடங்களிலுள்ள மென்பொருள் நிலையங்களை நாடிச் செல்லும் நம் மாணாக்கர் சிலர், கருவி வந்ததால் சோதிப்போர்க்கு வேலை இராதோ என அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தில் ஒரு பகுதி மெய்யே. பொத்தானை அழுத்துதல் ஒன்றையே கற்றவர்க்கு இனி இடம் குறையும். ஆனால் எளியவர் எங்கே இடறுவர், எவ்வெழுத்தில் ஏமாறுவர், எக்கட்டத்தை வெறிதே விடுவர் என்று முன்னறிந்து வினவ வல்லவரின்றிக் கருவி ஊமையே. ஆதலின் மாணாக்கர் கருவியைக் கற்பதோடு, அதனைக் கொண்டு சோதிக்கப்படும் மென்பொருளை நாளை பயன்படுத்தப்போகும் மக்களின் மொழியையும் வழக்கத்தையும் கற்பார்களாக. அதுவே அவர்தம் தொழிலுக்கு உறுதி, ஊருக்கும் நன்மை.