கீழாநெல்லி அரைக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை

நல்ல மழை பெய்து சில நாள் போனால் வயல் வரப்பிலும் கொல்லையிலும் தார்ச்சாலை ஓரத்திலும் கீழாநெல்லி தானாக முளைத்துவிடும். முழங்கால் உயரம்கூடப் பெரும்பாலும் வராது. இலை வரிசையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் கடுகைவிடச் சற்றே பெரிய பச்சைக் காய்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கும். இருட்டினால் இலைகள் மடங்கிக்கொள்ளும். கண் மஞ்சளாகத் தெரிந்ததுமே தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் முதலில் தேடுவது இந்தச் செடியைத்தான்.

கொடுக்கும் முறை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் வைத்து மைய அரைத்து, கொட்டைப்பாக்கு அளவு எடுத்து மோரில் கரைத்து, விடியற்காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பது பரவலான வழக்கம். சிலர் பாலில் கொடுப்பார்கள். மூன்று நாள், ஐந்து நாள், ஏழு நாள் என்று கணக்கு வைத்திருப்பார்கள். உப்பு, புளி, எண்ணெய் இல்லாத பத்தியமும் சேர்ந்தே வரும். சித்த மருத்துவத்தில் காமாலைக்கு மட்டுமின்றி சிறுநீர் எரிச்சல், உடல் சூடு போன்றவற்றுக்கும் இது பயன்படுகிறது. பிரேசிலில் இதே இனத்துச் செடிகளைச் சிறுநீரகக் கல்லுக்குக் கஷாயம் வைத்துக் குடிக்கிறார்கள்.

"எங்க வீட்ல ஏழே நாள்ல எறங்கிடுச்சு" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் இறங்கியது எதனால் என்று தெரிய, மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நம் ரத்தச் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து சிதைகின்றன. அப்போது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறக் கழிவு உண்டாகிறது. கல்லீரல் அதை வாங்கிப் பக்குவப்படுத்தி, பித்தத்தோடு குடலுக்கு அனுப்புகிறது. மலத்தின் நிறம் அதனால் வருவதுதான். ரத்தத்தில் 100 மில்லிக்கு 1 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டிய பிலிரூபின் 2, 3 என்று ஏறும்போது கண்ணின் வெள்ளை மஞ்சளாகிறது.

ஏறுவதற்குக் காரணங்கள் பல. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதையலாம். வைரஸ், மது, மாத்திரை, எலிக்காய்ச்சல் என எதுவாவது கல்லீரலைத் தாக்கியிருக்கலாம். பித்தக் குழாயில் கல்லோ கட்டியோ அடைத்திருக்கலாம். வெளியே தெரியும் மஞ்சள் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், மருத்துவம் ஒன்றல்ல. குழாயில் அடைத்த கல்லை எந்தப் பச்சிலையும் கரைத்துவிடாது. அடைப்பை எடுக்கத் தாமதமானால் அங்கே சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகும்.

நம் ஊரில் திடீரென்று வரும் காமாலைக்கு முக்கியமான காரணம் அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள். பெரும்பாலானவர்களுக்கு இது சில வாரங்களில் தானாகவே குணமாகும். கீழாநெல்லி கொடுத்தாலும் இறங்கும், கொடுக்காவிட்டாலும் இறங்கும். செடிக்கு இவ்வளவு நல்ல பெயர் வந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் கீழாநெல்லியை விஞ்ஞானம் அலட்சியப்படுத்தவில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கே இதில் ஆர்வம் காட்டினார். சென்னையில் ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினரும் பிளம்பெர்க்கும் சேர்ந்து நடத்திய ஆய்வு 1988இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. அதில் ஹெபடைடிஸ் பி கிருமியை நெடுங்காலமாக உடம்பில் சுமந்தவர்களுக்கு, உலர்த்திப் பொடித்த கீழாநெல்லியை வேளைக்கு 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். மருந்து உண்டவர்கள் 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளமே மறைந்திருந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி நடந்தது. நாள்பட்ட பி தொற்று தானாக மறைவது மிகவும் அரிது. அதனால் உலகமே திரும்பிப் பார்த்தது.

அடுத்து தாய்லாந்து, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி வளர்ந்த மண், பறித்த பருவம், பொடித்த விதம் எனப் பல விளக்கங்கள் சொல்லப்பட்டன. ஆய்வுகளை எல்லாம் சேர்த்து 2011இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு, நாள்பட்ட ஹெபடைடிஸ் பிக்கு இதைப் பரிந்துரைக்கும் அளவு உறுதியான ஆதாரம் இல்லை என்று முடித்தது. மேலும் ஆராயத் தகுந்த செடி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதை நம்பி, ஹெபடைடிஸ் பிக்கு மருத்துவர் கொடுத்த டெனோஃபோவிர் மாத்திரையை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. இடையில் நிறுத்தினால் அடங்கியிருந்த வைரஸ் சீறி எழுந்து கல்லீரலைச் செயலிழக்கச் செய்யலாம்.

செடியே நஞ்சா என்றால், இல்லை. சில வாரங்கள் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் பெரிய கேடு எதுவும் தென்படவில்லை. எச்சரிக்கை தேவைப்படும் இடங்கள் வேறு. முதலாவது, பறித்தது கீழாநெல்லிதானா என்பது. இதே இனத்தில் பார்வைக்கு ஒத்த செடிகள் பல உண்டு. சிவப்புக் கீழாநெல்லியின் தண்டு செம்மை ஓடியிருக்கும். காய் காம்பில்லாமல் தண்டோடு ஒட்டி, மேல்தோல் சொரசொரப்பாக இருக்கும். நாம் தேடும் கீழாநெல்லிக்குக் காய் வழவழப்பு, சிறு காம்பும் உண்டு. தென்னிந்தியச் சந்தைகளில் வாங்கிய சரக்கைச் சோதித்தபோதே இப்படிப்பட்ட வேறு செடிகளும் கலந்திருந்தது தெரியவந்திருக்கிறது.

இரண்டாவது, பறித்த இடம். வயலுக்கு அடித்த பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் வரப்புச் செடியிலும் படியும். சாக்கடை ஓரத்துச் செடியை வேர் மண்ணோடு பிடுங்கி, காய்ச்சாத தண்ணீர் விட்டு அரைத்துப் பச்சையாகக் கொடுப்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது. தண்ணீரால் வந்த நோய்க்கு அதே தண்ணீரை மறுபடி ஊட்டுகிறோம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும், ரத்த அழுத்த மருந்து உண்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது. சர்க்கரையைக் குறைக்கும் தன்மை இதற்கு இருப்பது விலங்குகளில் தெரிந்திருக்கிறது.

பத்தியம் பற்றியும் சொல்ல வேண்டும். வாந்தியும் பசியின்மையுமாகக் கிடப்பவருக்கு உப்பில்லாக் கஞ்சியை மட்டும் கொடுத்துப் பட்டினி போடத் தேவையில்லை. அவரால் சாப்பிட முடிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். மது அறவே கூடாது. கண்ணில் பச்சிலைச் சாறு பிழிவதையும் கையில் சூடு வைப்பதையும் அடியோடு விட்டுவிட வேண்டும். மஞ்சள் இருப்பது ரத்தத்தில். சாறு பட்டுக் கண் புண்ணாவதும் சூடுபட்ட இடம் சீழ் வைப்பதும்தான் மிச்சம்.

ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாதவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பிணிக்கு, அதுவும் கடைசி மூன்று மாதத்தில், ஹெபடைடிஸ் ஈ வந்தால் நூற்றில் 20 முதல் 25 பேர் வரை இறக்க நேரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பச்சிளம் குழந்தைக்கு மஞ்சள் அதிகமானால் மூளையைப் பாதிக்கும். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் தெளியாமல், மலம் சுண்ணாம்பு போல வெளுத்துப் போனால் பித்தக் குழாயே உருவாகாத பிறவிக் குறையாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சையைப் பிறந்த 60 நாளுக்குள் செய்தால்தான் பலன் அதிகம். ஏழு நாள் மருந்து, இன்னொரு ஏழு நாள் என்று இங்கே நாளைக் கடத்துவது குழந்தையின் கல்லீரலைப் பறிகொடுப்பது. பெரியவர்களில் பேச்சுக் குழறினாலோ, பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மற்றவர்கள் முதலில் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனையும் ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் செய்துகொள்ளலாம். முடிவைப் பார்த்தபின் கீழாநெல்லி வேண்டும் என்றால், அரசு மருத்துவமனைகளில் உள்ள சித்தப் பிரிவில் பட்டம் பெற்ற மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டிக் கேட்கலாம். ஆங்கில மருத்துவரிடமும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பி தொற்று உறுதியானால் 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். வீட்டில் உள்ள மற்றவர்களும் ரத்தம் கொடுத்துப் பார்த்து, தொற்று இல்லாதவர்கள் மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் குழந்தை பிறந்தால் முதல் ஊசி 24 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.