இன்ஜின் நின்றதா, வண்டி நின்றதா?

ஹைப்ரிட் கார் வாங்கிய புதிதில் பலரும் கொண்டுவரும் புகார் ஒன்றுதான்: "ஓடிக்கிட்டிருக்கும்போதே இன்ஜின் ஆஃப் ஆயிடுதுப்பா." திருக்காட்டுப்பள்ளி டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவும் அதையேதான் கேட்டார். ஆயுசு முழுக்க டீசல் ஜீப்பும் டிராக்டரும் ஓட்டியவர். இன்ஜின் சத்தம் அடங்கினால் அவருக்குப் பகீர் என்கிறது. அவருக்குச் சொன்ன பதில் ஒரு டீயில் முடியவில்லை.

முதலில் எந்த ஹைப்ரிட் என்று பார்க்க வேண்டும். 2015இல் மாருதி சியாஸ் டீசலில் வந்தது போன்றவை மைல்டு ஹைப்ரிட். சிக்னலில் இன்ஜின் தூங்கும், கிளட்சை மிதித்தால் எழும்; மோட்டார் தனியாக வண்டியை இழுக்காது. 2022இல் வரிசையாக வந்த ஹோண்டா சிட்டி, டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, ஆண்டுக் கடைசியில் இன்னோவா ஹைகிராஸ், இவற்றின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் வேறு ஜாதி. மோட்டாரே சக்கரத்தைச் சுழற்றும். திருவையாறு போகிற வழியில் எத்தனையோ முறை இன்ஜின் அணையும், எழும். அது வண்டி தன் வேலையைச் செய்வதுதான். டாஷ்போர்டில் 'ரெடி' விளக்கு எரிகிறதா, ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி போகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஹைப்ரிட் சிஸ்டத்தைச் சரிபார்க்கச் சொல்லி எழுத்து வந்து, மிதித்தும் இழுவை இல்லாமல் போனால்தான் பழுது.

"பேட்டரி போனா என்னடா, பெட்ரோல் இருக்குல்ல, இன்ஜின்ல ஓட்டிட்டுப் போறது?" என்றார். நல்ல கேள்வி. பதில்தான் வினோதம்.

டொயோட்டா முறையில் (கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டும் அதே முறைதான்) இன்ஜினோடு இரண்டு மின் மோட்டார்கள், நடுவில் ஒரு பல்சக்கரக் கூட்டு. மிதிக்கக் கிளட்ச் கிடையாது. தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. ஆல்டர்னேட்டரும் கிடையாது. இன்ஜினைக் கிளப்புவதே அந்த மோட்டார்களில் ஒன்றுதான், அதற்கும் பேட்டரிதான் வேண்டும். கிளப்பிவிட்டு அது சும்மா இருப்பதில்லை. பல்சக்கரக் கூட்டின் ஒரு பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடி இருந்தால்தான் இன்ஜினின் பலம் சக்கரத்துக்குப் போகும். கழியில் மூட்டையைக் கட்டி இரண்டு பேர் தூக்குகிறார்கள்; ஒருவன் கையை விட்டால் மற்றவன் எவ்வளவு பலசாலியாக இருந்தும் மூட்டை எழும்பாது. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் இன்வெர்ட்டர் படுத்துவிட்டால், நல்ல இன்ஜினும் நிறைந்த டேங்கும் வண்டிக்குள் பயனில்லாமல் கிடக்கும். தள்ளி ஸ்டார்ட் பண்ணும் நம் ஊர் வித்தையும் இங்கே பலிக்காது.

இது ஏட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். டொயோட்டா பிரியஸின் 2004, 2005 மாடல்கள் அமெரிக்காவில் வேகமாக ஓடும்போதே இன்ஜின் அணைகிறது என்று புகார்கள் வந்து, 2005இல் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு விசாரித்தது. காரணம் இன்ஜினில் இல்லை, மென்பொருளில். அங்கே மட்டும் சுமார் 75,000 வண்டிகளுக்குத் திருத்தம் செய்தார்கள். 2014 பிப்ரவரியில் அதைவிடப் பெரிய கதை: மூன்றாம் தலைமுறை பிரியஸ், உலகம் முழுவதும் சுமார் 19 லட்சம் வண்டிகள் ரீகால். 2010இல் இந்தியாவுக்கு வந்ததும் அந்தத் தலைமுறைதான். சுமார் 200 வோல்ட் பேட்டரியிலிருந்து 650 வோல்ட் வரை ஏற்றித் தரும் பகுதி இன்வெர்ட்டருக்குள் இருக்கிறது. கடுமையாக இழுக்கும்போது மென்பொருள் அங்குள்ள டிரான்சிஸ்டர்களை அளவுக்கு மேல் சூடாக விட்டுவிட்டது. அவை கெட்டால், பலத்தைக் குறைத்துக்கொண்டு மெல்ல ஊர்ந்தாவது வீடு சேரும்படியான பாதுகாப்பு நிலைக்கு வண்டி போக வேண்டும். ஆனால் சில வண்டிகள் முழுதாக அணைந்தன. 2018 அக்டோபரில் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை மறுபடி அழைத்தார்கள். அரிதான சமயங்களில் அந்தப் பாதுகாப்பு நிலைக்கே போகாமல் வண்டி நின்றுவிடுகிறது என்பதுதான் காரணம். என்னைக் கேட்டால், பழுதைவிடப் பழுதைச் சமாளிக்க வைத்த ஏற்பாடு சொதப்பியதுதான் மோசம்.

யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்கு ஹோண்டா வெசலும் ஃபிட்டும் பழக்கமான பெயர்கள். ஜப்பானில் 2013 கடைசியில் வந்த இந்த ஹைப்ரிட்களில் ஃபிட்டை அங்கே சுமார் ஓராண்டுக்குள் ஐந்து முறை ரீகால் செய்தார்கள். இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டியின் மென்பொருள் பெரிய தலைவலி. நிறுவனத் தலைவர் உள்பட மேலதிகாரிகள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள். ஜப்பானில் ஓடிய வண்டி கப்பலேறி இலங்கைக்கு வந்தபின், ரீகால் கடிதம் பழைய சொந்தக்காரர் முகவரிக்குத்தான் போகும். பழைய வண்டி வாங்குவோர் இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

நம் நாட்டுச் சேதி ஒன்றும் உண்டு. 2025 நவம்பரில் கிராண்ட் விட்டாரா 39,506, அதன் உடன்பிறப்பான ஹைரைடர் 11,529 என ரீகால் அறிவிப்பு வந்தது. பெட்ரோல் அளவு காட்டும் முள்ளும் எச்சரிக்கை விளக்கும் சரியாகக் காட்டாமல் போகலாம் என்பது குறை. சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் ஹைப்ரிட்டில் பெட்ரோல் தீர்ந்தால் உடனே தெரியாது. மிச்சமிருக்கும் பேட்டரியில் கொஞ்ச தூரம் ஓடும். ஹைரைடரின் பேட்டரி 0.76 யூனிட்தான். அதுவும் தீர்ந்தால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான், அப்புறம் ஒரு கேன் பெட்ரோலை ஊற்றினால் மட்டும் சரியாகும் என்று சொல்ல முடியாது.

டெல்டாவுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியவை உண்டு. பல ஹைப்ரிட்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின்சீட்டு ஓரத்துச் சின்ன வலை வழியாகத்தான் போகிறது. அறுவடை நாளில் நெல் மூட்டையை அங்கே சாய்த்து வைத்தால் பேட்டரி மூச்சு முட்டும். நெல் தூசி அந்த வலையை அடைத்தாலும் அதேதான். சூடேறினால் பலம் குறையும், விளக்கு எரியும். இன்னொன்று, கார்த்திகை மழையில் சாலையில் தேங்கும் தண்ணீர். டீசல் ஜீப்பை ஒரே சீராக முறுக்கிக்கொண்டே கரையேற்றிய பழக்கம் இங்கே உதவாது. இன்ஜின் எப்போது எழும் என்பதை ஓட்டுகிறவர் தீர்மானிப்பதில்லை. தண்ணீருக்குள் அது தானே எழுந்து, காற்றுக்குழாய் வழியே நீரை உறிஞ்சினால் பிஸ்டன் கம்பி வளையும். ஆழம் தெரியாத நீரில் இறக்காமல் சுற்றிப் போவதே லாபம்.

சரி, உண்மையிலேயே இழுவை போய்விட்டது. என்ன செய்வது? செங்கிப்பட்டிப் பக்கம் நான்குவழிச் சாலையில் ஒதுங்க இடமிருக்கும். கல்லணைச் சாலையில் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல், தையில் சாலையோரம் முழுக்க நெல் காய்கிறது. அதனால் வேகம் இருக்கும்போதே இடம் பார்த்துவிட வேண்டும். ஹசார்டு விளக்கைப் போடுங்கள். உருண்டுகொண்டிருக்கும்போது பவர் பட்டனை அழுத்தாதீர்கள். ஸ்டியரிங் உதவி சிறிய 12 வோல்ட் பேட்டரியில் இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும். பிரேக் கெட்டியாகத் தோன்றினால் இரண்டு கால் பலத்தோடு மிதியுங்கள், பிடிக்கும். நின்றபின் டாஷ்போர்டில் வந்த எழுத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அணைத்தால் மறைந்துவிடும். பானெட்டுக்குள் ஆரஞ்சு நிற ஒயரைத் தெரிந்த மெக்கானிக்கே ஆனாலும் தொடவிடாதீர்கள்.

காலையில் வண்டி எழவே இல்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி அந்த 12 வோல்ட் பேட்டரிதான். பெரிய பேட்டரியில் எவ்வளவு இருந்தாலும், கம்ப்யூட்டரை எழுப்புவது சின்னதுதான். வேறு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்தால் எழுந்துவிடும். ரீகால் பாக்கி இருக்கிறதா என்று பார்க்க ஆர்.சி.யில் உள்ள சாசி நம்பர் போதும். திருத்தத்துக்குக் காசு வாங்கக் கூடாது.

"எல்லாம் சரி. நம்ம டிராக்டர்ல கயிறு கட்டி தஞ்சாவூர் வரைக்கும் இழுத்துட்டுப் போயிடலாம்ல?"

"வேண்டாம் பெரியப்பா. முன்சக்கரம் உருண்டா உள்ளே மோட்டாரும் சுத்தும், சுத்தினா கரண்டு உண்டாகும். ஓரம்கட்டற வரைக்கும் கையால தள்ளுங்க. அதுக்கு மேல வண்டியையே தூக்கி ஏத்திட்டுப் போற ரெக்கவரி வண்டிதான்."