லண்டன் எவ்வளவு தூரம்? கால்களைக் கேளுங்கள்!

"டாக்டர், பொண்ணுக்குப் பிரசவம். லண்டன் போறேன். எவ்வளவு நேரமாகும்?"

மூட்டுவலிக்கு என்னிடம் மருந்து சாப்பிடும் அறுபது வயது அம்மா ஒருவர் கேட்டார்.

சென்னையிலிருந்து லண்டன் வான்வழியே ஏறக்குறைய 8,200 கிலோமீட்டர். நேரே போகும் விமானம் என்றால் பத்தரை, பதினோரு மணி நேரம். நடுவில் மாறிப் போனால் இன்னும் கூடும். திரும்பும்போது மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், நேரம் சற்றுக் குறையும்.

"உட்கார்ந்துக்கிட்டுத்தானே போகப் போறேன்?" என்றார்.

வினையே அதுதான்! நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி, ரத்தத்தை இதயத்துக்கு மேலே ஏற்றுகிறது. மணிக்கணக்கில் காலைத் தொங்கப்போட்டால் ரத்தம் தேங்கும். சிலருக்கு உள்ளேயே உறையும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த ஆபத்து சுமார் இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பயம் வேண்டாம், சுமார் ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. ஆனால், அந்த ஒருவர் நம் வீட்டு அம்மாவாக இருந்துவிடக் கூடாதே!

நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு, பாத்ரூமுக்கு எழுந்து போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் இருப்பது. விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டது. அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களில் சிறுநீரையும் சேர்த்திருக்கிறது சித்த மருத்துவம். தாராளமாகக் குடியுங்கள், தாராளமாக எழுந்து போங்கள். அந்தப் பத்தடி நடைதான் காலுக்கு மருந்து!

புறப்படும் முன் கவனிக்க:

* நடைபாதை ஓரத்து சீட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

* மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள். முடியாவிட்டால் உட்கார்ந்தபடியே குதிகாலையும் விரல்களையும் மாற்றி மாற்றித் தூக்குங்கள்.

* வழக்கமான மாத்திரைகள், மருந்துச் சீட்டு இரண்டும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

* லண்டன் நேரம் நம்மைவிட ஐந்தரை மணி பின்தங்கியது. கோடையில் நாலரை மணி. இன்சுலின் போடுகிறவர்கள், எப்போது போடுவது என்று டாக்டரிடம் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

* முன்பு ரத்தம் உறைந்தவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள், கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆகியோரும் முன்கூட்டியே ஆலோசனை பெறுவது அவசியம்.

இத்தனையும் சொல்லித்தான் அனுப்பினேன். போய் இறங்கிய மூன்றாம் நாள் போன்! "இடது கால் மட்டும் வீங்கிப்போச்சு டாக்டர். வாயுவா இருக்கும்னு பொண்ணு தைலம் காய்ச்சுறா. நீங்க சொன்னீங்க, எனக்குத்தான் எழுந்திருக்கக் கூச்சமா இருந்துச்சு..."

"தேய்க்காதீங்கம்மா! உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன். ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தது. நேரத்தோடு போனதால் தப்பித்தார்.

வாசகர்களே, நீண்ட பயணம் முடிந்து சில வாரங்கள்வரை ஒரு காலில் மட்டும் வீக்கமோ கெண்டைச் சதையில் வலியோ வந்தால் தைலம் தேய்க்காதீர்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். இதற்கு வேண்டியது ஆஸ்பத்திரி, தைலம் அல்ல. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்!

அந்த அம்மா இப்போது பேரனோடு போட்டோ அனுப்பியிருக்கிறார். திரும்பி வரும்போது மணிக்கொரு தரம் எழுந்து நடப்பாராம்!