பேச்சை நிறுத்திக்கொண்ட பிள்ளை: பெற்றோர் உடல்நலம் காக்க

கல்யாண வீட்டில் யாராவது “பையன் வரலையா?” என்று கேட்டால், “லீவு கிடைக்கலையாம்” என்று சமாளிக்கும் பெற்றோர் நம்மிடையே நிறைய. உண்மையில் அந்தப் பையனோடு வருடக்கணக்காகப் போக்குவரத்தே இருக்காது. சாதி மாறிய கல்யாணம், பாகப்பிரிவினை, அப்பாவின் குடி, சின்ன வயதில் வாங்கிய அடி என்று காரணம் வீட்டுக்கு வீடு மாறும்.

துக்கம் விசாரிக்க ஆள் இல்லாத இழப்பு

சாவு என்றால் ஊர் கூடும், பதினாறாம் நாள் காரியம் நடக்கும். உயிரோடிருக்கும் பிள்ளை விலகிப்போனதற்கு யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தபோது, முடிவு தெரியாத இழப்பு மனதை எப்படி அலைக்கழிக்கிறது என்று விளக்கினார். பேச்சு அறுந்த வீடுகளுக்கும் அது பொருந்தும். அவமானமாக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: கார்னெல் பல்கலைக்கழகத்தின் கார்ல் பில்லமர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கர்களில் 27 சதவீதம் பேர் ஏதோ ஓர் உறவினரோடு தொடர்பற்று இருந்தார்கள்.

உடம்பில் தெரியும் அறிகுறிகள்

வயதானவர்கள் “மனசு சரியில்லை” என்று டாக்டரிடம் போவது அபூர்வம். விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு, பசியின்மை, கிறுகிறுப்பு, உடம்பு வலி என்றுதான் போவார்கள். ஸ்கேனில் ஒன்றும் இருக்காது. வீட்டு நிலவரத்தையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் அவர் மாத்திரையை மாற்றிக்கொண்டே இருப்பார். “யாருக்காக இருக்கணும்?” என்று சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை நிறுத்திவிடுவதுதான் பெரிய ஆபத்து. கடும் மனவேதனை இதயத்தசையைத் திடீரெனத் தளர்த்திவிடுவதும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது அதிகம். ஆகவே நெஞ்சுவலியைக் ‘கவலைதான்’ என்று ஒதுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தூது அனுப்பாதீர்கள்

மாமாவையும் சித்தியையும் பேச அனுப்பினால் பெரும்பாலும் சண்டைதான் பெருகும். “நான் செத்தாலும் வராதே” என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவது அதைவிட மோசம். நாலு வரியில் ஒரு கடிதம் போதும். தப்பு நடந்திருந்தால் ‘ஆனால்’ போடாமல் மன்னிப்புக் கேளுங்கள். பிள்ளை விலகியதில் நியாயம் இருக்கும் வீடுகளும் உண்டு. மறுபடி சேர்ந்தவர்களில் பலர், பழைய கதையில் தாங்கள் சொல்வதே சரி என்ற பிடிவாதத்தை விட்டவர்கள் என்கிறார் பில்லமர். பதில் வராவிட்டால் துரத்த வேண்டாம். அடிக்கிற, மிரட்டிப் பணம் பறிக்கிற பிள்ளை என்றால் கடிதமே வேண்டாம். உங்கள் பாதுகாப்புதான் முக்கியம்.

சட்டம் எதற்கு?

பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கிடைக்க வழியுண்டு. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் வழியில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். பிள்ளையை வீட்டுக்கு வரவழைக்கும் உத்தியாக அதைப் பயன்படுத்தினால் மிச்சமிருக்கும் உறவும் போகும்.

எப்போது உதவி கேட்பது?

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் எட்டிப்பார்த்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். டெலிமானஸ் மனநல உதவி எண்ணான 14416இல் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். முதியோர் உதவிக்கு 14567. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.