வீட்டுக் கணினி: பாகம் பாகமாகக் கட்டுவதா, கட்டியதை வாங்குவதா?

மகளின் உயர்தரப் படிப்புக்காக நான் வாங்கிய முதல் கணினி, எங்கோ ஓர் அலுவலகத்தில் பாவித்துக் கழித்த சிறிய பெட்டி. விலை மலிவு, மேசையில் இடமும் பிடிக்கவில்லை. ஐப்பசி இடிமழை இரவொன்றில் மின்சாரம் போய் வந்தபோது அதன் பவர் சப்ளை எரிந்தது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தேடினேன், கிடைக்கவில்லை. திருத்தும் கடைத் தம்பி பெட்டியைத் திறந்து காட்டினார்.

"ஐயா, இது அந்தக் கொம்பனி தன்ர பெட்டிக்கெண்டே செய்த சாமான். வேற ஒண்டும் இதுக்குள்ள பொருந்தாது."

கொழும்பிலிருந்து அது வந்து சேர மூன்று கிழமை. அதுவரை மகள் கைத்தொலைபேசியில் படித்தாள். வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் காசிலோ சீட்டுக் காசிலோ கணினி வாங்கும் எங்களில் பலருக்கு இரண்டாம் முறை வாங்க வசதி இல்லை. ஆகவே அறிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கணினியின் பெட்டி, மதர்போர்ட், பவர் சப்ளை ஆகியவற்றுக்கு ஏடிஎக்ஸ் என்ற பொது அளவுமுறை 1995 முதல் இருக்கிறது. ஆணித் துளைகளும் மின் இணைப்பும் எந்தக் கொம்பனியானாலும் ஒரே மாதிரி. பாகம் பாகமாகக் கட்டும் கணினிகள் பெரும்பாலும் இந்த அளவில்தான் அமையும். ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். நாமே கட்டவும் தேவையில்லை. பாகங்களைத் தெரிவு செய்தால் கடையிலேயே பூட்டித் தருவார்கள். பெருங்கொம்பனிகளின் ஆயத்தக் கணினிகளில், குறிப்பாகச் சிறிய பெட்டிகளில், பல பாகங்கள் அவர்களின் சொந்த அளவில் இருக்கும்.

இந்த வேறுபாட்டின் பெறுமதியை 2022 காட்டியது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், சில கிழமைகளில் 300ஐத் தாண்டியது. இறக்குமதிப் பொருளான கணினியின் விலையும் ஏறியது. அப்படியான காலத்தில் முழுக் கணினி வாங்குவதற்கும் ஒரு பாகம் வாங்குவதற்கும் உள்ள தூரம் பெரிது.

கட்டுவதென்றால் முதலில் மதர்போர்ட்டின் சொக்கெட்டைக் கேளுங்கள். புரொசெசர் அமரும் இடம் அது. ஏஎம்டியின் ஏஎம்4 சொக்கெட் 2016இல் வந்தது, மலிவு, டிடிஆர்4 றாம் எடுக்கும். 2022இல் வந்த ஏஎம்5 டிடிஆர்5 மட்டுமே எடுக்கும், விலை கூட. ஆனால் பிற்காலத்தில் புதிய புரொசெசர் போட அதில்தான் இடமுண்டு. படிப்புக்குத் தனி கிராபிக்ஸ் கார்ட் தேவையில்லை. ஆனால் இன்டெல் புரொசெசரின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் இராது, கவனம். 8 ஜிபி றாம் ஒன்றைப் போட்டு, இன்னொன்றுக்கு இடம் விட்டு வையுங்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் வேகம் உடனே தெரியும்.

பாவித்த கணினி வாங்குவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். 4ஆம், 6ஆம் தலைமுறைப் பெட்டிகள் மலிவாகக் கிடைத்தால் காரணம் இதுவாகவும் இருக்கலாம். அவற்றில் இலவசமான லினக்ஸ் போட்டுப் பாவிக்கலாம்.

ஆயத்தக் கணினியே நல்லது என்ற இடங்களும் உண்டு. கட்டிய கணினியில் ஒவ்வொரு பாகத்துக்கும் உத்தரவாதம் வேறு வேறு, பற்றுச்சீட்டுகளை எல்லாம் பத்திரப்படுத்த வேண்டும். ஆயத்தக் கணினிக்கு ஒரே உத்தரவாதம். அறிவியல்நகரிலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ விடுதியில் தங்கும் பிள்ளைக்கு மடிக்கணினிதான் உதவும்.

எதை வாங்கினாலும் யூபிஎஸ் ஒன்றுக்குக் காசு ஒதுக்குங்கள். மின்சாரம் போனால் வேலையைச் சேமித்து அணைக்கச் சில நிமிடம் கிடைக்கும். இடி முழங்கினால் வயரையே கழற்றிவிடுங்கள். பெட்டியோடு சும்மா வரும் பவர் சப்ளையை நம்பாமல், '80 பிளஸ்' முத்திரை உள்ளதைத் தனியாக வாங்குங்கள்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். கழற்றிப் பூட்டத் தெரிந்த ஊர் இது. இப்போது மகளின் மேசையில் இருப்பது கட்டிய கணினி. போன மாதம் இரண்டாவது றாமை அவளே பூட்டினாள்.