மேடு பள்ளம் காட்டும் படம்: அதில் நம் லயம் எங்கே?

தோட்டத்து மக்களுக்கு மேடு பள்ளத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. காண்டா சுமந்து குன்று ஏறி இறங்கிய தோள்கள் நம்முடையவை. எந்த அல்லூர் மழைக்குப் பெருகும், எந்தச் சடக்கில் லாரி சறுக்கும் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் அந்த அறிவு படத்தில் ஏறியிருக்கிறதா? ராத்திரியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்து ஆம்புலன்ஸ் வந்தால், "அந்த லயம் எந்தப் பக்கம்ப்பா?" என்று டிரைவர் தடுமாறக் கூடாது அல்லவா!

மலை, ஓடை, பாதை, உயரம் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுவது நில அமைப்புப் படம். ஒரு காலத்தில் இது அரசாங்க நில அளவைக்காரர்களின் வேலை. இன்று பொதுமக்களும் செய்கிறார்கள். 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' திட்டத்தைத் தொடங்கினார். கைத்தொலைபேசியோடு நடந்தும், செயற்கைக்கோள் படத்தின் மேல் கோடு போட்டும் தொண்டர்கள் ஊர் ஊராக வரைகிறார்கள். 2010 ஜனவரியில் ஹைத்தியில் நிலநடுக்கம் வந்தபோது தலைநகரின் தெருக்களைச் சில நாட்களில் வரைந்து, மீட்புப் பணிக்குக் கொடுத்தவர்கள் இவர்களே.

உயரம் எப்படிக் கிடைக்கிறது? 2000 பிப்ரவரியில் 'எண்டெவர்' விண்ணோடம் 11 நாள் பறந்து, உலக நிலப்பரப்பில் சுமார் 80 விழுக்காட்டை ரேடாரால் அளந்தது. சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அந்தக் கணக்கும் இலவசம். ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்தால் உயரக்கோடு. கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சமதரை. இதன் மேல் தொண்டர்கள் வரைந்த பாதையும் ஓடையும் சேர்ந்தால், 'ஓப்பன் டோப்போ மேப்' போன்ற படம் பிறக்கிறது.

இங்கேதான் ஒரு சங்கதி. அடர்ந்த காட்டில் அந்த ரேடாருக்குத் தரை சரியாகத் தெரியாது. மர உச்சியை ஒட்டித்தான் அளந்தது. அன்று ஒரு பக்கம் முற்றிய கித்தாக் காடும், மறு பக்கம் மறுநடவுக்கு வெட்டிய நிலமும் இருந்திருந்தால், சமதரையிலும் படம் ஒரு மேட்டைக் காட்டிவிடும். சின்னப் பள்ளங்களும் தப்பிவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தண்ணீர் மேட்டில் ஏறாது. படத்தில் அல்லூர் உயரக்கோட்டைத் தாண்டி மேலே ஏறினால், அல்லூரோ கோடோ தப்பு. எது தப்பு என்று அங்கே நடந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பெயரும் அப்படித்தான். செயற்கைக்கோள் கூரையைக் காட்டும்; அது ஆயாக் கொட்டகையா, கோயிலா என்று சொல்லாது. எத்தனையோ தோட்டங்கள் கைமாறி வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயம் போனால் பெயரும் போய்விடுகிறது.

ஆகவே இளைஞர்களுக்கு நாம் சொல்வது இதுதான். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பாருங்கள். சடக்கு, பாலம், தமிழ்ப்பள்ளி, கோயில், இடுகாடு எல்லாவற்றையும் குறியுங்கள். தமிழில் பெயர் எழுதவும் அந்தப் படத்தில் இடமுண்டு. மற்ற நிறுவனங்களின் படத்தைப் பார்த்துக் காப்பியடிக்க வேண்டாம். அது விதிக்கு விரோதம். குடியிருப்பவர் பெயரையும் போட வேண்டாம். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். நம் பாட்டன் வெட்டிய சடக்குக்குப் பெயர் வைக்க நம்மைவிட யாருக்கு உரிமை இருக்கிறது?