கெர்னலின் வளப் பதிவேடு

கணிப்பொறியைக் கையாளுவோர் திரையையும் விசைப்பலகையையுமே காண்பர். இக்கருவிகளுக்கும் நாம் இயக்கும் நிரல்களுக்கும் இடைநின்று யாவற்றையும் ஆளுவது கெர்னல் எனப்படும் மைய நிரலாகும். ஹெல்சிங்கிப் பல்கலைக் கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 1991ஆம் ஆண்டில், 21 வயதினராய், தொடங்கிய லினக்ஸ் கெர்னலை ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

ஒவ்வொரு கருவியையும் இயக்குதற்கு டிரைவர் என்னும் நிரல் உண்டு. அதற்கு வேண்டும் வளங்கள் பெரும்பாலும் மூன்று: கருவியோடு பேசும் வாயில் எண்கள், நினைவக முகவரிகள், கருவி கெர்னலை விளிக்கும் இண்டரப்ட் என்பன. இன்டெல் வழிக் கணிப்பொறிகளில் வாயில் எண்கள் 65,536 உள. அவற்றுள் 1016 முதல் 1023 வரையுள்ள எட்டும், நான்காம் இண்டரப்டும் முதற் சீரியல் போர்ட்டுக்கு உரியன என்பது பழைய வழக்கு.

இரண்டு டிரைவர்கள் ஒரே வாயிலில் எழுதப் புகின் விளைவது யாது? ஒன்று இட்ட கட்டளையை மற்றொன்று குலைக்கும், கருவி தடுமாறும், கணிப்பொறியே நின்றுவிடவுங் கூடும்.

இக்கேட்டைத் தவிர்க்கவே கெர்னல் ஒரு பதிவேடு வைத்துள்ளது. டிரைவர் வாயிலைத் தொடுமுன் ‘ரிக்வெஸ்ட் ரீஜன்’ என்னும் செயற்கூற்றை அழைத்து, தொடக்க எண், வேண்டும் அளவு, உரியவர் பெயர் ஆகிய மூன்றையும் தெரிவித்தல் வேண்டும். இடம் வெறிதாயின் கெர்னல் பெயரைப் பதிந்துகொள்ளும். பிறர் பெற்றிருப்பின் மறுக்கும். மறுக்கப்பட்ட டிரைவர் பிழையைத் தெரிவித்து விலகுதலே முறை. நினைவக முகவரிகளுக்கும் இவ்வாறே. இண்டரப்டை மட்டும், உரியோர் அனைவரும் இசையின், பலர் பகிர்ந்துகொள்ளலாம். பணி முடிந்தபின் பெற்றவற்றைத் திருப்பித் தருதலும் கடமையாம். இடையில் ஒன்று மறுக்கப்படினும், முன்னர்ப் பெற்றவற்றைக் கடைசியிற் பெற்றது முதலாக விடுத்தல் வேண்டும்.

முன்னாளில், இடம் வெறிதோ என வினவுதற்கு மட்டும் ‘செக் ரீஜன்’ என்னும் தனிக்கூறு இருந்தது. வினவுதற்கும் பெறுதற்கும் இடைப்பட்ட கணத்தில் வேறொரு டிரைவர் புகுந்துவிடக் கூடுமாதலின், அது பின்னர் நீக்கப்பட்டது. இன்று வினவுதலும் பெறுதலும் ஒரே செயலாம்.

இனி, எண்ணத்தக்கது ஒன்றுண்டு. இப்பதிவேடு பூட்டன்று. கேளாமலே வாயிலைத் தொடும் டிரைவரைக் கெர்னல் தடுப்பதில்லை. டிரைவரும் கெர்னலினுள்ளே அதன் முழு அதிகாரத்தோடு இயங்குவதன்றோ? விடுதியின் பந்தாட்டக் களத்தை எண்ணிப் பார்மின். களத்திற்கு வேலியில்லை, ஏட்டில் முன்னரே பெயரெழுதிய அணிக்கே அது உரியது. எழுதாமல் இறங்குவோரை ஏடு எழுந்து வந்து தடுக்காது. ஆயினும், அனைவரும் எழுதுமளவும் பூசலில்லை. ஒருவர் எழுதாது இறங்கின், எழுதியோர்க்கும் ஏடு பயனற்றதாகும்.

லினக்ஸ் உடையார் நிர்வாகி உரிமையோடு ‘ப்ராக்’ அடைவிலுள்ள ‘ஐஓபோர்ட்ஸ்’ என்னும் கோப்பைத் திறப்பின், வாயில் எண்களையும் உரியோர் பெயர்களையும் வரிசையாகக் காணலாம். அங்கே பெயரில்லாத இடம் வெறிதென்று துணிவது, டிரைவர் எழுதினோர் யாவரும் நெறி நின்றனர் என்று நம்புவதேயாம்.